காவலுக்கு ஆள் வராத வருஷம்

வருஷத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வரும். மற்ற வீடுகளில் பிறந்தநாளும் கல்யாண நாளும் மறந்துபோகாமல் இருக்கக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பார்கள். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. அண்ணன் செத்த நாளை ஞாபகப்படுத்த அரசாங்கமே ஆள் அனுப்பியது.

விடிந்தும் விடியாமலும் வந்து கதவைத் தட்டுவார்கள். அன்று முழுக்க நானும் அம்மாவும் வெளியே போகக் கூடாது, எங்களைப் பார்க்க யாரும் வரக் கூடாது. சதுக்கத்தில் செத்தவர்களின் வீட்டுக்காரர்கள் ஒன்றுகூடி அங்கே ஒரு பூவைக்கூட வைத்துவிடக் கூடாது என்பது உத்தரவு. இத்தனைக்கும் அண்ணனின் உடலை அவர்கள் எங்களிடம் தரவே இல்லை. "உங்க பையன் எல்லை தாண்டி ஓடிட்டான், எங்களைக் கேட்டா?" என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் கையை விரித்தார்கள். ஓடிப்போனவன் வீட்டுக்கு எதற்கு வருஷாவருஷம் காவல்? அவன் செத்துப்போனான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது அந்த ஒரு நாள் மட்டும்தான்.

அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை பார்த்தான். கூட்டாளிகள் அவனை 'ஒயர்' என்று கூப்பிடுவார்கள். ஆளும் ஒயர் மாதிரிதான் இருப்பான். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டதால் வீட்டில் அவன்தான் ஆம்பிளை. ஆனால் அந்தப் பொறுப்பெல்லாம் முகத்தில் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் அம்மாவைச் சிரிக்க வைக்காமல் எழுந்திருக்க மாட்டான்.

அவன் செத்த வருஷம் போராட்டம் பஸ் டிரைவர்கள் வேலைநிறுத்தத்தில் ஆரம்பித்தது. பிறகு ஆலைக்காரர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள் என்று ஊரே சதுக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. நாட்டை ஆண்டுகொண்டிருந்த பெரியவர் பதவியை விட்டுப் போகும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். சதுக்கத்துக்கு லைட்டும் மைக்கும் போட்டது அண்ணனும் அவன் கூட்டாளிகளும். பெரியவர் விமானம் ஏறிவிட்டார் என்று ஒரு மத்தியானம் வதந்தி வந்தபோது எங்கள் எதிர் வீட்டு வாத்தியார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ஆடினார். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் கேட்டவர்களுக்கெல்லாம் மிட்டாய் அள்ளிக் கொடுத்தார். அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் எங்கள் தெரு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பெரியவர் எங்கேயும் போயிருக்கவில்லை. வெளியூர்ப் பட்டாளத்தை வரவழைத்துக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் இருட்டியதும் சதுக்கத்தின் கரண்டை நிறுத்தினார்கள். எனக்கு அன்று கடுமையான காய்ச்சல். ஈரத்துணியோடு என் பக்கத்திலேயே இருந்த அம்மா, ஜன்னலுக்கு வெளியே படபடவென்று சத்தம் கேட்டபோது, "பட்டாசு போடறாங்கடி, பெரியவர் போயிட்டார் போல" என்றாள்.

பெரியவர் அதற்கப்புறமும் பல வருஷம் ஆண்டு, படுக்கையில் நிம்மதியாகச் செத்தார். அவர் மகன் வந்தார். ஜனங்கள் அவரைச் சின்னவர் என்றார்கள். அவ்வளவுதான் மாற்றம்.

டெலிபோன் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்த அம்மாவை அண்ணன் செத்த மாதமே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிகளுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே தைக்க ஆரம்பித்தாள். படிப்பு முடிந்ததும் நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தேன். கண்ணாடியை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துவது என் வேலை. இரண்டு முறை எனக்குக் கல்யாணம் கூடி வந்து நின்றுபோனது. வருஷத்தில் ஒரு நாள் வாசலில் போலீஸ் உட்கார்ந்திருக்கும் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? வாத்தியார் எங்களைப் படிக்கட்டில் பார்த்தால் எதையோ மறந்துவிட்டவர் போலத் திரும்பி வீட்டுக்குள் போய்விடுவார். அண்ணனின் உயிர்க் கூட்டாளி ஒருவன் இப்போது மின்சார இலாகாவில் பெரிய ஆள். அவன் எங்களைத் தெருவில் பார்த்தாலும் கார் கண்ணாடியை ஏற்றிக்கொள்வான். அவன்மேல் அம்மாவுக்குக் கோபம் இல்லை. "அவனாவது பொழைக்கட்டும்" என்பாள்.

முதல் வருஷம் ஒரு வண்டி நிறைய வந்தார்கள். தாழ்ப்பாளை உடைத்து, பீரோவைக் கவிழ்த்து, அம்மா தைத்து வைத்திருந்த உறைகளை மிதித்துத் துவைத்தார்கள். வருஷம் ஆக ஆக ஆள் குறைந்தது. கடைசியில் ஒரே ஒரு போலீஸ்காரர்தான் வந்தார். நடுத்தர வயசு. தொந்தி பெல்ட்டைத் தாண்டி வழியும். மூன்றாவது மாடி ஏறி வருவதற்குள் இரைக்கும். எங்கள் வாசலுக்கு எதிரே படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார். நான் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தேன். முதலில் சில வருஷங்கள் அம்மா அவர் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. தண்ணீர் கேட்டால் குழாய் கீழே இருக்கிறது என்று என்னைச் சொல்லச் சொல்வாள்.

ஒரு வருஷம் அவர் ஜுரத்தோடு வந்தார். மத்தியானம் படியிலேயே சுருண்டு படுத்துப் பல் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டிருந்தார். அம்மா கதவிடுக்கு வழியாக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு போர்வையையும் சூடாக டீயையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த வருஷம் அவர் வந்தபோது வாசலில் எங்கள் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதற்கடுத்த வருஷம் நாற்காலி வாசலுக்கு உள்ளே வந்தது. அவர் அம்மாவை அக்கா என்றார். அம்மா அவரைத் தம்பி என்றாள்.

எனக்குப் பிடிக்கவே இல்லை. "எந்த ஊர்லம்மா சிறைக்காவலனுக்குச் சாப்பாடு போட்டு உபசரிப்பாங்க?" என்று கத்தினேன்.

"கத்தாதே, அவருக்குக் கேக்கப்போவுது" என்றாள் அம்மா.

வேறு யாரோடும் பேச முடியாததால் அம்மா அண்ணனைப் பற்றி அவரோடு பேசினாள். அவன் எப்படிச் சாப்பிடுவான், எதற்குக் கோபப்படுவான், வேலை செய்யும்போது எப்படி நிற்பான் என்று எல்லாம். அவரும் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பார். அப்படி ஒரு நாள், டீ டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, "நான் அன்னைக்கு பட்டாளத்தோட அங்கதான்க்கா இருந்தேன். சதுக்கத்துல" என்றார்.

அம்மாவின் தையல் மிஷின் நின்றது.

"லைட்ட நிறுத்தினதும் ஒரு பையன் கம்பத்துல ஏறினான். செருப்பக் கீழ கழட்டி வச்சிட்டு ஏறினான். ஒயரப் பல்லுல கடிச்சிருந்தான். கீழ நின்ன பசங்க, இறங்குடா இறங்குடான்னு கத்தறாங்க, இவன் சிரிக்கிறான். எங்கேயோ எதையோ இழுத்துச் சொருகினான். லைட் எரிஞ்சுது. கொஞ்ச நேரந்தான். எரிஞ்சதும் எங்க மூஞ்சி எல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அது வரைக்கும் தடியோட போறதாத்தான் இருந்தோம். மூஞ்சி தெரிஞ்சதும் சுடச் சொல்லிட்டாங்க."

அம்மா கேட்டாள். "நீயும் சுட்டியா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சுட்டேன். ஜனங்க மேல சுட மனசு வரல. மேல பாத்துச் சுட்டேன்." யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "அவனும் மேலதான்க்கா இருந்தான்."

அம்மா எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் உட்கார்ந்தார். அன்று அவருக்குச் சாப்பாடு போகவில்லை. இனி அந்த ஆள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டான் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் நாற்காலி பழையபடி உள்ளே கிடந்தது.

"எப்படிம்மா உன்னால முடியுது?" என்று கேட்டேன்.

"கடைசியா அவனப் பாத்தது இந்த ஆள்தான். வேற யார்கிட்டடி போய்க் கேப்பேன்?" என்றாள் அம்மா.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அவர் அதைச் சொல்ல வேண்டும். அம்மா நடுநடுவே கேள்வி கேட்பாள். என்ன கலர் சட்டை? யாரையாவது கூப்பிட்டானா? வலி தெரிஞ்சுதா? "இல்லக்கா, உடனே முடிஞ்சுபோச்சு" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டார். நான் உள்ளறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்பேன். எனக்கும் அது மனப்பாடம் ஆனது.

போன வருஷம் அவர் வரவில்லை.

அம்மா விடியும் முன்பே எழுந்து குளித்து, தலைவாரி, அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். படிக்கட்டில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். பால்காரர் போனார். வாத்தியார் பேப்பர் எடுக்க வந்து, எங்கள் கதவு திறந்திருப்பதைப் பார்த்து மறுபடி உள்ளே போனார். வெயில் ஏறியது. ஆறிப்போன டீயை அம்மா இரண்டு தடவை சுட வைத்தாள்.

"உடம்புக்கு ஏதாவது இருக்கும்" என்றேன்.

"அவருக்கு முடியலன்னா வேற ஆள் அனுப்பணும் இல்ல?" என்றாள் அம்மா. வேலைக்கு ஆள் வரவில்லை என்று குறைபடும் வீட்டுக்காரி மாதிரி இருந்தது. "வா, போய்க் கேக்கலாம்."

அந்தத் தேதியில் நாங்கள் வெளியே இறங்கியது அதுதான் முதல் தடவை. யாராவது தடுப்பார்கள் என்று தெருமுனை வரை பயந்துகொண்டே நடந்தேன். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஸ்டேஷனில் சின்ன வயசு அதிகாரி ஒருவர் இருந்தார். மரியாதையானவர், அம்மாவை உட்காரச் சொன்னார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவருக்குப் பிடிபடவில்லை. உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார்.

"அந்த உத்தரவ எடுத்துட்டாங்கம்மா. இனிமே யாரும் வர மாட்டாங்க. நீங்க எங்க வேணா போகலாம்" என்றார், நல்ல செய்தி சொல்கிறவர் போல.

"எதுக்கு எடுத்தாங்க?"

"எதுக்குன்னா... இனிமே அவசியம் இல்லன்னுதான். அங்கெல்லாம் இப்ப யாரும்மா போறாங்க?"

"அப்போ என் பையன் செத்தது?"

அவர் விழித்தார். "அது எனக்குத் தெரியலியேம்மா. அப்ப நான் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்திருப்பேன்."

அம்மா எங்கள் போலீஸ்காரரைப் பற்றி மட்டும் விசாரித்தாள். ஓய்வு பெற்றுவிட்டாராம். வீடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்றார்கள். அந்த வெயிலில் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தோம். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக இருந்த சந்து. அவர் வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். புது பூட்ஸ், அவர் காலுக்குப் பொருந்தாத அளவு. எங்களைப் பார்த்ததும் பிரஷ் அப்படியே நின்றது.

உள்ளேயிருந்து சட்டைப் பித்தானைப் போட்டபடி ஒரு இளைஞன் வந்தான். போலீஸ் சட்டை. "யாருப்பா?"

"தெரியலப்பா" என்றார் அவர். "யாரையோ தேடி வந்திருக்காங்க போல."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"ஆமாங்க, வீடு மாறி வந்துட்டோம். மன்னிச்சுக்குங்க" என்றாள்.

வழி காட்டுகிறவர் போல அவர் சந்துமுனை வரை எங்களோடு வந்தார். முனை திரும்பியதும் கையைக் கூப்பினார். "இனிமே இங்க வராதீங்கக்கா. பையனுக்கு இப்பதான் வேலை கிடைச்சிருக்கு. நான் உங்க வீட்ல உக்காந்து பேசினதெல்லாம் தெரிஞ்சா அவன் பொழப்பு போயிடும்."

"வரல தம்பி. இந்த ஒரு தடவ சொல்லிட்டுப் போ."

"எத?"

"கம்பத்துல ஏறினத."

அவர் சந்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார். "அக்கா, அது உங்க பையன்தானான்னு எனக்குத் தெரியாது. யாரோ ஒருத்தன் ஏறினான். இருட்டு. நான் மூஞ்சியச் சரியாப் பாக்கல. நீங்க கேட்டீங்க, உங்க முகத்தப் பாத்துட்டு இல்லன்னு சொல்ல முடியல. வருஷா வருஷம் கேட்டீங்க."

அம்மா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயத்தில் சொல்கிறாரா, இத்தனை வருஷம் பாவம் பார்த்து இட்டுக்கட்டியதை இப்போது இறக்கி வைக்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் வேகமாகத் திரும்பி நடந்தார். பின்னாலிருந்து பார்க்க ரொம்பக் கிழவராகத் தெரிந்தார்.

பஸ்ஸில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "பயந்து போய்ச் சொல்றாரும்மா. அது அண்ணன்தான். ஒயரப் பல்லுல கடிக்கிறது வேற யாரு?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள். "அத நான்தான்டி அவருக்குச் சொன்னேன். அவர் வாயத் தெறக்கறதுக்கு முந்தின வருஷமே சொல்லியிருந்தேன். செருப்பையும் நான்தான் சொன்னேன். லிஃப்ட் மேல ஏறி வேல பாக்கும்போது அவன் செருப்பக் கழட்டிருவான்னு."

இறங்க வேண்டிய இடம் வந்தும் அம்மா எழுந்திருக்கவில்லை. பஸ் சதுக்கம் வரை போனது.

அங்கே இப்போது பூமிக்கு அடியில் கார் நிறுத்துமிடம், மேலே கண்ணாடிக் கட்டிடம். பழைய கம்பங்கள் ஒன்றுகூட இல்லை. பெரிய திரையில் ஒரு பெண் ஷாம்பூ போட்ட தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். புதுசாக ஒரு செல்போன் வந்திருக்கிறதாம், பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு நீள வரிசையில் நின்றார்கள். எந்த இடத்தில் நிற்பது என்று தெரியாமல் அம்மா அங்குமிங்கும் நடந்தாள். கடைசியில் செடித்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

சீருடை போட்ட காவலாளி ஒருவர் வந்தார். "அம்மா, இங்க உக்காரக் கூடாது. எழுந்திருங்க."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் போனதிலிருந்து போலீஸ்காரர்களைத் தவிர வெளியாள் ஒருவரிடமும் சொல்லாததை அந்த முன்பின் தெரியாதவரிடம் சத்தமாகச் சொன்னாள். "என் பையன் இங்கதான் செத்தான்."

வரிசையில் நின்ற இரண்டொரு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளியின் முகம் நிஜமாகவே இளகியது.

"அடப்பாவமே. எப்பம்மா? ஆக்சிடெண்டா?"

அம்மா வாயைத் திறந்தாள். எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று யோசிப்பது போலிருந்தது. பஸ் டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்ததிலிருந்தா, பெரியவரிலிருந்தா, கரண்டை நிறுத்தியதிலிருந்தா? வரிசை நகர்ந்தது. பிள்ளைகள் திரும்பிக்கொண்டார்கள்.

"ஆமாப்பா. ஆக்சிடெண்ட்" என்றாள் அம்மா.

"ரோடு அப்படி இருக்கும்மா. ஓட்டறவனுங்களும் அப்படி" என்றார் அவர். "சரி, கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க. சூப்பர்வைசர் வந்தா எழுந்துக்குங்க."

அம்மா உடனே எழுந்துவிட்டாள்.

காவல் நின்ற செய்தி எங்கள் கட்டிடத்தில் எப்படியோ பரவியது. வாத்தியார் ஒரு நாள் படிக்கட்டில் நின்று, "சௌக்கியமா?" என்று கேட்டார். அவர் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே எங்கள் வீட்டு வாசல் வரை வந்து பேச ஆரம்பித்தாள். அவள் மூலமாகத்தான் எனக்கு இந்த வரன் வந்தது. வயசு கொஞ்சம் கூடுதல், மருந்துக் கம்பெனியில் வேலை, அமைதியான மனுஷன். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா சுவரில் இருந்த அண்ணனின் போட்டோவைப் பார்த்தார். "தம்பி யாரு?"

அம்மா டீத்தட்டை ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்தவள், நிற்காமலே பதில் சொன்னாள்.

"பெரியவன். ஆக்சிடெண்ட்ல போயிட்டான்."

"ஐயோ" என்றார் அந்த அம்மாள். "இந்தக் காலத்துல வெளிய போறவங்க வீட்டுக்கு வந்து சேந்தாத்தான் நிச்சயம்."

"ஆமாங்க" என்று சொல்லி, அவருக்கு இன்னொரு ஸ்பூன் சர்க்கரை வேண்டுமா என்று அம்மா கேட்டாள்.

கல்யாணம் அடுத்த மாதம். மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். சொன்னால் அவர் கேட்டுக்கொள்ளக்கூடியவர்தான். ஆனால், எப்படிச் செத்தான், யார் பார்த்தது என்று திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. போன வாரம் நாங்கள் இருவரும் கட்டில் வாங்கக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அண்ணனுக்கு விபத்து எங்கே நடந்தது என்று அவர் கேட்டார்.

"சதுக்கத்துல" என்றேன்.

"அங்க எப்பவும் கூட்டம்" என்றார் அவர். நாங்கள் ரோட்டைக் கடந்தோம்.